எச்சிற் சோறும் உரிமைச் சோறும்

தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் வன்மையை இழந்து, நம் கையையே நோக்கி வாழும் ஓர் உயிருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கின்றோம்? அவ்வுயிர் நாயென்று தெரிந்தவுடன் பலர் நகைக்கவுங் கூடும். "நாட்டில் எத்தனையோ பெரிய விஷயங்கள் கிடக்க, நாய்க்குச் சோறு சமைப்பதைப் பற்றியும், அதைப் பழக்குவதற்கு இடும் தின்பண்டத்தைப் பற்றியும் ஒரு கட்டுரையா?" என்பர். ஆயினும், எளிய பொருளொன்றில் நம் நடத்தை எவ்வாறிருக்கின்றதென்பதைக் கொண்டே பெரிய பொருள்களில் நம் அறம் எத்தன்மைத்தென்று அளந்துகொள்ளலாம். மனிதரிடத்தில் நாம் தவறினால் சட்டம் கேட்கும், ஊரார் பழிப்பர். கொல்லைப்புறத்தில் கட்டிக்கிடக்கும் நாயினிடத்தில் தவறினால் கேட்பார் பெரும்பாலும் இல்லை. ஆதலின் அங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

நம் வழக்கில் நாய் பெற்றுள்ள நிலை விந்தையானது. ஒருவனை இகழ வேண்டின் "நாயே" என்கின்றோம். ஒருவனுடைய நன்றியைப் புகழ வேண்டினும் அதையே உவமை காட்டுகின்றோம். இவ்விரண்டும் முரணென்று மேலோட்டமாய்ப் பார்ப்பவர் கருதுவர். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, அடித்தாலும் காலடியிலேயே கிடக்கின்றதே, அதனால் அது இழிந்ததாயிற்று. அதே காரணத்தால் அது நன்றியுடையதும் ஆயிற்று. நாம் நன்றியென்று போற்றுவது நமக்குச் சௌகரியமான ஒரு குணத்தையே. அந்நன்றிக்கு ஈடாக நாம் கொடுத்தது யாதென்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கொடுத்தது எச்சிற் சோறு. வீட்டார் உண்டு எஞ்சியதை, இலையில் ஒதுக்கியதை, சட்டியில் அடிப்பிடித்ததை, நேற்றுப் புளித்ததை வழித்துக் கொட்டுவதே நாய்க்குச் சோறிடுதல் எனப்படுகின்றது. எச்சில் என்னும் சொல்லுக்கு மிச்சமென்னும் பொருள் மட்டும் இருந்திருப்பின் குற்றமில்லை. கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்னும் தீர்ப்பும் அச்சோற்றோடு கலந்தே பரிமாறப்படுகின்றது. விருந்து முடிந்தபின் எச்சிலிலைக்காகக் காத்துநிற்கும்படி மனிதரையே வைத்திருந்த சமூகம் நம்முடையது. அதை நினைக்குந்தோறும் நம் தலை குனிகின்றது. மனிதனுக்கு எச்சிலிடலாகாதென்று கற்றுக்கொண்ட நாம், அவ்வழக்கத்தின் வேர் எங்கேயிருந்ததென்றும் தேட வேண்டும். "எனக்கு வேண்டாததே உனக்குப் போதும்" என்னும் எண்ணமே அவ்வேர். அவ்வெண்ணத்தை எவ்வுயிரின்மேற் செலுத்திப் பழகினாலும், பழகினவன் நெஞ்சு கெடுமென்பதில் ஐயமில்லை.

எச்சிலின் தீமை அவமதிப்போடு நிற்பதாயின், நாய்க்கு மானாவமானம் தெரியாதென்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாம். உடற்கூறு அறிந்தோர் அதற்கும் இடங்கொடுப்பதில்லை. நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் சேராத நாள் அரிது. இவ்விரண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லவை. நாயின் எடையிற் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உட்சென்றால் இரத்தத்தில் கேடு காணுமென்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வேகவைப்பதால் அந்நஞ்சு நீங்குவதுமில்லை. பாயசத்திற் போடும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பிள்ளைகள் தின்னும் சாக்லெட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருள் அதன் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரையில்லாத மிட்டாய்களிற் சேர்க்கப்படும் சைலிட்டால் அதன் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி ஈரலையும் கெடுக்கும். வெந்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாய் உடைந்து தொண்டையையோ குடலையோ கிழிக்கும். ஆகவே, "நாங்கள் உண்பதைத்தானே அதற்கும் இடுகின்றோம்" என்பது அன்பு மொழிபோல ஒலித்தாலும், உண்பது யாரென்று எண்ணிப் பாராதவன் மொழியேயாம்.

இனி, எச்சில் ஆகாதெனின் தனியே சமைத்துப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்ததா? அதுவும் இல்லை. அன்போடு அறிவும் கூட வேண்டும். 2013-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகர்க் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், நாய்க்கு வீட்டிற் சமைப்பதற்கென்று வெளியிடப்பட்ட 200 குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருக்கக் கண்டனர். அக்குறிப்புகளை எழுதினவர்கள் நாயை வெறுத்தவர்களல்லர், நேசித்தவர்களே. நேசம் மட்டும் போதாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஓர் உதாரணம் காண்போம். 10 கிலோ எடையுள்ள, வளர்ச்சி முற்றிய நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். தோலும் எலும்பும் நீக்கி உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்த கோழியிறைச்சி 150 கிராம், குழைய வெந்த சோறு 200 கிராம், பூசணி அல்லது காரட் 50 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்தால் 550 கலோரிக்குச் சற்று மேல் வரும். வயிறு நிறையும், வாலும் ஆடும். ஆனால் இறைச்சியில் எரிகச் சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இவ்வுணவே நெடுநாள் தொடர்ந்தால், குறைந்த சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு நொய்ந்துபோம். குட்டிகளுக்கு இக்கேடு விரைவில் வரும். முட்டையோட்டைக் கழுவி உலர்த்தி மாவாக இடித்துக் கலப்பது ஒரு பரிகாரம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்துண்டு. நாம் கூறிய நாய்க்கு நாளொன்றுக்கு அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் போதும். அப்பொழுதும் துத்தநாகம், செம்பு, அயோடின், டி, ஈ என்னும் வைட்டமின்கள் ஆகியன குறைந்தே நிற்கும். அவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டு உரிய தூளை வாங்கிச் சேர்த்தல் வேண்டும். சமைப்பவர் கைப்பக்குவத்தைவிட அளவுகோலையும் மருத்துவரையும் நம்புவது இங்கே மேல். அவ்வளவுக்கு வசதியும் பொழுதும் இல்லாதவர், முழு உணவென்று விதிப்படி செய்து விற்கப்படும் நாயுணவை வாங்கியிடுவதில் இழிவொன்றுமில்லை. தாமே சமைத்தோம் என்னும் பெருமையினும் உண்ணும் உயிரின் நலமே முக்கியம்.

நிற்க. இத்தனை தொல்லையை மனிதன் ஒரு நாய்க்காக ஏன் ஏற்க வேண்டும்? இதுவே நம் கட்டுரையின் நடுக்கேள்வி. மேனாட்டு அறிஞர் இருவர் இதற்கு இருவேறு விடை கூறினர். ஆங்கிலேயரான பென்தம் 1789-ல் வெளியிட்ட நூலில், பிராணிகளுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்பது வீணென்றும், அவற்றுக்கு நோவு உண்டா என்பதையே கேட்க வேண்டுமென்றும் நாட்டினார். ஜெர்மானியரான காண்ட், பிராணிகளிடத்தில் நமக்கு நேரான கடமை இல்லையென்றும், அவற்றினிடம் கொடுமை பழகினவன் மனிதரிடத்திலும் கொடியவனாவான் ஆதலின் அவற்றைக் காத்தல் மனிதனுக்குச் செய்யும் கடமையின் ஒரு பகுதியென்றும் கூறினார். ஆயினும் நெடுநாள் உழைத்துத் தளர்ந்த நாயை அதன் இறுதிவரை காப்பது தக்கதென்று அவரும் ஒப்பினார்.

இவ்விரண்டும் உயர்ந்த கருத்துகளே. எனினும் நம் கேள்விக்கு இவை முற்றும் விடையாகா. நோவு செய்யாதிருத்தல் எல்லார்க்கும் உரிய கடமை. நாய் வளர்க்காதவனும் தெருநாயைக் கல்லால் அடித்தலாகாது. சோறிடுதலோ எல்லார்க்கும் உரிய கடமையன்று; வளர்ப்பவனுக்கே உரியது. அது எங்கிருந்து பிறக்கின்றது? ஆற்றை மறித்து அணை கட்டியவன் கீழ்வயலுக்கு நீர்விடக் கடமைப்பட்டவன். அணை கட்டாதவனுக்கு அக்கடமை இல்லை. தானாக ஓடிய நீரைத் தடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டமையால், கீழ்வயலின் தாகத்துக்கு அவன் பொறுப்பாளியானான். நாயை வேலிக்குள் வைத்துச் சங்கிலியில் பிணித்தவனும் அத்தகையனே. அது தானே தேடி உண்ணும் வழியை அடைத்தவன் அவன். ஆதலின் அதன் பசி அவனுடைய கணக்கிற் பற்றாக எழுதப்படுகின்றது. அவன் இடும் சோறு தருமமன்று. அது கடன்.

தனி மனிதன் கட்டிய அணை மட்டுமன்று இது. மனித குலமே கட்டிய அணை. நேச்சர் என்னும் அறிவியற் சஞ்சிகையில் 2013-ல் வெளியான ஆராய்ச்சியொன்று இதை விளக்குகின்றது. மாவுப் பொருளைச் செரிக்கும் நீரை உண்டாக்கும் மரபுக்கூறு ஓநாயினிடம் இரண்டு படிகளே உண்டு. நாயினிடம் 4 முதல் 30 படிகள் வரை உண்டு. அதாவது, மனிதனுடைய தானியத்தின் அருகே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து அதன் உடலே மாறிவிட்டது. காட்டுக்குத் திரும்பிப் போ என்று நாம் சொல்லினும் அது திரும்புவதற்குரிய காடு அதன் உடம்பில் முழுமையாக இல்லை. நம் சோற்றுப் பானை அதனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்டது.

இத்தொடர்பின் தொடக்கத்தைக் காட்டும் சான்றொன்று மனத்தை உருக்குவது. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டில் ஓர் ஆணும் பெண்ணும் புதைக்கப்பட்ட குழி கண்டெடுக்கப்பட்டது. அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அக்குழிக்கு வயது ஏறக்குறைய 14,000 ஆண்டு. அக்குட்டியின் பற்களை ஆராய்ந்தோர் 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டனர். அது சிறு வயதிலேயே கொடிய நோயுற்று, வாரக்கணக்கில் வருந்தியிருக்கின்றது. மனிதர் ஊட்டியும் துடைத்தும் காத்திராவிடில் அத்தனை நாள் உயிர்த்திருக்க முடியாது. நோயுற்ற குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. ஏட்டறிவில்லாத கற்கால மனிதன், பயன் ஒன்றும் பெறாமலே ஒரு குட்டிக்கு உணவூட்டினான். உழைத்தாற்றான் சோறு என்னும் நியாயம் அவனுக்குத் தெரியவில்லை போலும்!

நம் இதிகாசத்திலும் ஒரு நாய் வருகின்றது. தருமன் தன்னைத் தொடர்ந்துவந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் என்பது மகாபாரதத்தின் முடிவிற் காணப்படும் செய்தி. அவ்வுறுதி பாராட்டற்பாலது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்நாய் மாறுவேடம் பூண்ட தருமதேவதையென்று பின்னர் வெளிப்படுகின்றது. கேட்போர் மனத்தில் தங்குவது யாது? நாய்க்கு இரங்கினால் அது தேவனாய் மாறி நமக்கு வரந்தருங்கூடும் என்பதே. நாய் இறுதிவரை நாயாகவே நின்றிருப்பின், தருமன் செயல் இன்னும் சிறந்து விளங்கியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம். நம் வீட்டு வாயிலில் நிற்கும் நாய் தேவனாக மாறப்போவதில்லை. அதற்கே நாம் கடன்பட்டிருக்கின்றோம்.

இனி, பழக்குவதற்கு இடும் தின்பண்டத்தைப் பற்றி ஆராய்வோம். "உட்கார்" என்றால் உட்கார்வதற்கும், "வா" என்றால் வருவதற்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துப் பழக்குவதை நம்மிற் சிலர் ஏளனஞ் செய்கின்றனர். "இது லஞ்சமன்றோ? அடித்து வளர்த்தால் படியாத நாயுண்டோ?" என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்வியில் உள்ள லஞ்சம் என்னும் சொல்லை நாம் ஆராய வேண்டும். தோட்டத்துக் கணக்கேட்டில் நாள்தோறும் பேர்பதியும் தொழிலுடைய நமக்குக் கூலி என்பது யாது, லஞ்சம் என்பது யாது என்னும் வேறுபாடு சிறிது தெரியும். கூலி, செய்த வேலைக்குப் பின், இன்ன வேலைக்கு இவ்வளவு என்று யாவரும் அறியக் கொடுக்கப்படுவது. லஞ்சம், காரியத்துக்கு முன், கையைக் காட்டி ஆசையூட்டி, கடமையினின்று ஒருவனை இழுப்பதற்குக் கொடுக்கப்படுவது.

இவ்வேறுபாடு நாய் பழக்குவதிலும் அப்படியே பொருந்துகின்றது. அமெரிக்க மனநூலார் தோர்ண்டைக் என்பார் 1898-ல் பூனைகளைக் கூண்டிலிட்டு நடத்திய சோதனையில் ஓர் உண்மை கண்டார். எச்செயலுக்குப் பின் இன்பம் தொடர்கின்றதோ அச்செயல் மீண்டும் நிகழும் என்பதே அது. பின் என்னும் சொல் முக்கியமானது. இறைச்சித் துண்டை முன்னரே கையிற் காட்டிக் கூப்பிட்டால், நாய் துண்டைக் கற்றுக்கொள்ளும்; சொல்லைக் கற்காது. கையில் துண்டில்லாத நாளில் நம் சொல்லுக்குச் செவி சாய்க்காது. முதல் சில தடவை கைகாட்டி இழுப்பது குற்றமன்று. விரைவில் அதை மறைத்துவிட வேண்டும். சொல் முதலில்; செயல் அடுத்து; செயல் முடிந்த கணமே ஒரு "சபாஷ்"; அதன்பின் துண்டு. இவ்வரிசை பிறழாதிருந்தால் அது நேர்மையான கூலி. பிறழ்ந்தால் அது லஞ்சம். லஞ்சத்தின் பயனும் அதற்கு வந்துசேரும். அடியால் பழக்கப்பட்ட நாயோ நம் கையைக் கண்டு ஒடுங்குமேயன்றி, சொல்லின் பொருளை விரும்பிக் கற்பதில்லை; அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கின்றதென்பதையும் மறத்தலாகாது.

அக்கூலியை வீட்டிலேயே எளிதிற் செய்துகொள்ளலாம். கோழி ஈரலை உப்பின்றி வேகவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, அடுப்புக் கனலின் சிறு சூட்டில் ஈரம் வற்றும்வரை உலர்த்தி, பட்டாணியளவு துண்டுகளாக நறுக்கினால் அதன் மணத்துக்கே நாய் காதை நிமிர்க்கும். ஈரலில் ஏ வைட்டமின் மிகுதியாதலால் நாள்தோறும் நிறைய இடுதல் எலும்புக்குக் கேடு. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து உலர்த்தலாம். மசித்த பூசணியும் அரிசிமாவும் முட்டையும் பிசைந்து தட்டிச் சுட்டெடுத்துச் சிறு வில்லைகளாக்கலாம். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் இவை விரைவிற் பூஞ்சணம் பிடிக்குமாதலின், குளிர்ப்பெட்டியில் வைத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். அளவோ, ஒரு நாளுக்குரிய கலோரியிற் பத்திலொரு பங்கை மீறலாகாதென்பது மருத்துவர் வகுத்த எல்லை. நாம் கூறிய 10 கிலோ நாய்க்கு அது 60 கலோரி. வெந்த கோழி நெஞ்சிறைச்சியாயின் 35 கிராமுக்குச் சற்று மேல். பட்டாணியளவு நறுக்கினால் நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள் கிடைக்கும். நாய் துண்டின் பருமனை எண்ணுவதில்லை. அது வந்த வேளையையே எண்ணுகின்றது.

கூலியில் அறம் இரண்டு உண்டு. முதலாவது, சொன்ன சொல் தவறாமை. "வா" என்று அழைத்து, வந்த நாயை முன்செய்த குற்றத்துக்காக அடிப்பவர் பலர். நாய் அறிவது, வந்ததற்கு அடி விழுந்ததென்பதே. மறுமுறை அது வாராது. "எவ்வளவு செய்தாலும் இதற்குப் புத்தியில்லை" என்று எசமானர் நொந்துகொள்வார். புத்தி நன்றாகவே இருக்கின்றது, போனது நம்பிக்கை. ஒருவர் சொல்லை மற்றொருவர் நம்பி நடத்தல் என்பது இவ்வுலகில் மிக அரிய செல்வம். வாயில்லாப் பிராணி அச்செல்வத்தை நம்மிடம் ஒப்படைக்கின்றது. அதை விளையாட்டாகச் செலவிடலாகாது.

இரண்டாவது, இதனினும் பெரிது. சோறு வேறு, கூலி வேறு என்பதை மறவாமை. பழக்குவோர் சிலர் நாயைப் பட்டினி போட்டு, பசி முற்றியபின் துண்டைக் காட்டி வேலை வாங்குகின்றனர். பசித்த நாய் விரைந்து கற்குமென்பது உண்மையே. ஆயினும் அங்கே கொடுக்கப்படுவது கூலியன்று. அதற்கு முன்னரே உரிமையான சோற்றைப் பறித்து, பறித்ததையே கூலியென்று திருப்பிக் கொடுக்கும் வஞ்சனை அது. உரிய வேளையில் உரிய சோறு, அது கட்டளைக்குப் படிந்தாலும் படியாவிடினும், உழைத்தாலும் கிழடு தட்டிக் கிடந்தாலும், வர வேண்டும். அதற்கு மேற்பட்ட சிறு துண்டே செயலுக்குரிய பரிசு. சோற்றைக் கூலியாக்கினால் கொடுமை. கூலியைக் காரணமின்றி வாரியிறைத்தால் கெடுதி. அன்றாட உணவிலிருந்தே சில துண்டுகளை ஒதுக்கிப் பழக்குவதற்குப் பயன்படுத்துவோர் உளர். அன்று படியாவிடினும் அப்பங்கு கலத்துக்குத் திரும்புமாயின் அதில் தவறில்லை.

பசியைக் கருவியாக்குவதன் கொடுமை தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதன்று. தொழிலாளியை நாயோடு ஒப்பிடுகின்றோம் என்று எவரும் எண்ண வேண்டா. கொடுக்கும் கையைத்தான் ஒப்பிடுகின்றோம். மலாயாவில் ஒரு காலத்தில் தோட்டங்களுக்குள்ளேயே நிர்வாகத்தின் ஏற்பாட்டிற் கள்ளுக்கடைகள் நடந்தன. நாளெல்லாம் உழைத்தவன் மாலையிற் களிக்கட்டும் என்று அதற்கு நியாயங் கூறப்பட்டது. பெற்றவன் மகிழ்ந்தான், அவன் குடும்பம் மெலிந்தது. பெறுபவன் விரும்புகின்றான் என்பது மட்டும் ஒரு பரிசை நல்லதாக்கிவிடாது. நாய் சாக்லெட்டையுந்தான் விரும்பி உண்ணும். அவ்வாறே, மரம்வெட்டிக் கை ஓய்ந்தவன் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்த கதைகளையும் நாம் அறிவோம். உழைக்கும்வரையிற்றான் இருப்பிடம் என்று விதித்தவர்கள், இருப்பிடத்தையும் கூலியாகவே கருதினர். தளர்ந்த நாயையும் காக்க வேண்டுமென்று காண்ட் ஒப்பிய நியாயங்கூட, தளர்ந்த மனிதனுக்கு அங்கே கிட்டவில்லை.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழும். "அண்டை வீட்டுப் பிள்ளை அரைவயிற்றோடு பள்ளிக்குப் போகையில், நாய்க்குக் கோழியிறைச்சி நிறுத்திடுவது அறமா?" என்று கேட்பர். கேள்வி நேர்மையானது. அதற்கு நம் விடை: பிள்ளையின் பசியைத் தீர்ப்பது சமூகம் முழுமைக்கும் உரிய கடமை, நாய் வளர்க்காதவரும் அதற்குப் பொறுப்பாளரே. அக்கடமையை நாம் செய்யாமைக்கு நாயின் கலத்தைக் காரணங் காட்டுதல் ஒரு சாக்கு. நாயைப் பட்டினி போட்ட வீட்டார் அச்சோற்றை அண்டைப் பிள்ளைக்கு அனுப்பியதை நாம் கண்டதில்லை. இரண்டு கடனையும் தாங்க இயலாதவர் நாய் வளர்க்காதிருத்தலே முறை. ஏற்காத கடனுக்கு எவரும் நம்மைக் கேளார். ஏற்றபின் தட்டிக்கழிப்பதே பிழை.

ஆனால் அக்கேள்வியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடி, வண்ணக் குழம்பு பூசிய கேக்கு வெட்டி, விருந்தினரை அழைத்துப் படமெடுப்பாரும் இக்காலத்தில் உளர். அங்கே நாய் உண்பது சிறிது. எசமானரின் ஆடம்பரம் உண்பதே பெரிது. எச்சிலிடுபவன் தனக்கு வேண்டாததை நாய்மேற் கொட்டுகின்றான். ஆடம்பரக்காரன் தனக்கு வேண்டியதை நாய்மேற் கொட்டுகின்றான். நாய்க்கு யாது வேண்டும் என்று கேட்பதில் இருவரும் ஒருபடித்தாகவே தவறுகின்றனர்.

புலாலுண்ணாதார் மற்றொன்று கேட்பர்: ஓருயிரைக் காக்க வேறோருயிரைக் கொல்வது ஜீவகாருண்யமாகுமா? 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பசி நீக்குதலையே ஜீவகாருண்யத்தின் முதலாக வைத்தார். கொலை தவிர்த்தலையும் வற்புறுத்தினார். இரண்டையும் ஒருங்கே போற்ற விழைவார்க்கு ஒருவழி உண்டு. பூனையைப்போல நாய் முற்றும் புலாலுண்ணியன்று. மருத்துவர் மேற்பார்வையில் முட்டை, பயறு முதலியவற்றைக் கொண்டு அளவறிந்து அமைத்த உணவில் அது வாழக்கூடும். எளிதன்று, இயலாததுமன்று. கொள்கை நம்முடையது, உடல் நாயினுடையது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். நம் கொள்கையின் விலையை அதன் எலும்பு கொடுக்கும்படி விடலாகாது.

இறுதியாக, நாய் வளர்ப்பவனுக்கு நாயினிடம் மட்டுமன்றி அண்டையாரிடமும் கடமையுண்டு. பல சமயத்தாரும் நெருங்கி வாழும் நாடு இது. நாயின் ஈரம் மேலே படலாகாதென்னும் நெறியுடையார் நம் வேலிக்கு அப்பால் வாழ்கின்றனர். எச்சிலைப் புறக்கடையில் எறிந்தால் எலியும் தெருநாயும் கூடும். அண்டையார் மனம் புண்படும். வேளைக்குக் கலத்திற் சோறும், அழைத்தவுடன் திரும்பிவரும் பழக்கமும் பெற்ற நாயால் எவர்க்கும் இடையூறில்லை. மலேசிய நாடாளுமன்றம் 2015-ல் இயற்றிய விலங்கு நலச் சட்டம், பிராணியை வைத்திருப்பவர் அதற்கேற்ற உணவு முதலியவற்றை அளித்தல் கடமையென்று விதித்திருக்கின்றது. சட்டம் பட்டினி போட்டவனைத் தண்டிக்கலாம். அன்போடும் அளவோடும் சோறிடும்படி அது எவரையும் பழக்க இயலாது. அது நம் வீட்டுக் கல்வி.

அக்கல்வியைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோமாக. நாயின் கலத்தைக் கழுவி வைக்கவும், வேளை தவறாமல் அளந்திடவும், அழைத்த நாய் வந்தால் சொன்ன துண்டைத் தவறாமற் கொடுக்கவும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பழக்கலாம். தன்னிடம் கேட்கவும் எதிர்க்கவும் இயலாத ஒன்றுக்குரியதை வேளையில் அளந்து கொடுத்துப் பழகிய கை, நாளை ஒரு மேசைக்குப் பின்னே அமர்ந்து மனிதர்க்குரியதை அளக்கும்பொழுதும் குறைத்து அளவாதென்று நம்புகின்றோம்.